குறைந்த காற்றில் பாயும் மின்மோட்டாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் எண்கள் எல்லாம் ஒரே படகுக்கானவை. நீளம் எட்டரை மீட்டர், நீர்க்கோட்டு நீளம் 7.3 மீட்டர், சாமான்களோடு எடை 3 டன். ஒரு பாய்மரம், அதற்குப் பின்னால் ஒரு மெயின் பாய், முன்னால் ஒரு முன்பாய். அடியில் 4 கிலோவாட், 48 வோல்ட் மோட்டார். உள்ளே 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி: 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, அதாவது 5.12 கிலோவாட்-மணி. அதில் 80 சதவீதத்தை, சுமார் 4 கிலோவாட்-மணியை, தயக்கமின்றிச் செலவழிக்கலாம். உங்கள் படகு வேறு அளவென்றால் எண்கள் மாறும். விகிதங்கள் அவ்வளவாக மாறா. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். குறைந்த காற்று என்று நாங்கள் சொல்வது 6 நாட் வரையிலான காற்றை. போஃபர்ட் அளவில் 1, 2.

காற்று செத்துவிட்டால் பாயை இறக்கிவிட்டு மோட்டாரிலேயே போகலாமே? இரண்டையும் ஏன் சேர்த்து ஓட்ட வேண்டும்?

போகலாம், பேட்டரி இடம் கொடுத்தால். தண்ணீரைக் கிழித்துப் போகத் தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் இரட்டிப்பானால் வாட் எட்டு மடங்கு. நம் படகுக்கு, அலையில்லாத தண்ணீரில், பேட்டரியிலிருந்து இழுக்கும் அளவு சுமாராக இப்படி:

2 நாட்: 200 வாட், 20 மணி நேரம், 40 கடல் மைல்
3 நாட்: 675 வாட், 6 மணி நேரம், 18 கடல் மைல்
4 நாட்: 1,600 வாட், இரண்டரை மணி நேரம், 10 கடல் மைல்
5 நாட்: 3,100 வாட், ஒன்றேகால் மணி நேரம், 6 கடல் மைலுக்குச் சற்று மேல்

இப்போது பக்கவாட்டில் 5 நாட் காற்று இருக்கிறது, வெறும் பாயில் படகு 2.2 நாட் போகிறது என்று வையுங்கள். உங்களுக்கு 3.2 நாட் வேண்டும். பாயை இறக்கிவிட்டால் மோட்டாருக்கு 820 வாட் ஆகும். பாய் மேலேயே இருந்தால் இழுவையில் பாதியை அது சுமந்துகொள்கிறது. மோட்டாருக்கு 400 வாட் போதும். பேட்டரி அப்படியே இரு மடங்கு நேரம் நிற்கும்.

மோட்டாரைப் பாய்க்கு மாற்றாகப் பார்க்காதீர்கள். கூடுதலாக ஏற்றிய இன்னொரு சின்னப் பாய் என்று நினைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே விலகும்.

மோட்டாரைத் தொட்டதும் தொங்கிக்கொண்டிருந்த பாய் நிமிர்கிறதே, எப்படி?

காற்றே இல்லாத மதியத்தில் ஸ்கூட்டரில் போனால் முகத்தில் காற்றடிக்கிறதல்லவா, அதே கணக்குதான். கரையில் நிற்பவர் உணர்வது மெய்க்காற்று. ஓடும் படகில் இருப்பவர் உணர்வது தோற்றக்காற்று. மெய்க்காற்றும் படகின் ஓட்டத்தால் பிறக்கும் எதிர்க்காற்றும் கலந்தது. பாய்க்குத் தெரிவது தோற்றக்காற்று மட்டுமே.

மெய்க்காற்று 4 நாட், முகப்பிலிருந்து 60 பாகையில் வருகிறது. படகு 1.5 நாட் போனால் பாய்க்குக் கிடைப்பது 45 பாகையில் 4.9 நாட். மோட்டார் உதவியோடு 2.5 நாட் போனால் 38 பாகையில் 5.7 நாட். காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் பாயின் மேல் விழும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் காற்று முகப்பை நோக்கி 7 பாகை நகர்ந்துவிட்டதையும் பாருங்கள். இன்னும் வேகமெடுத்து 3 நாட் ஆக்கினால் 35 பாகைக்கு வந்துவிடும். பல குடும்பப் படகுகளின் முன்பாய் அதற்கு மேல் காற்றைப் பிடிக்காது, படபடக்கத் தொடங்கும். ஒரு எல்லைக்கு மேல் மோட்டாரைக் கூட்டினால் பாய் கொடுத்துக்கொண்டிருந்த பங்கும் போய்விடும் என்பது இதனால்தான்.

இலவச ஆற்றல் எதுவும் இதில் இல்லை. மெய்க்காற்று சுத்தமாக நின்றுபோனால் தோற்றக்காற்று நேர் எதிரில்தான் வரும். அப்போது பாய் வெறும் சுமை.

சரி, எத்தனை வாட் வைப்பது? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் மோட்டார் இல்லாமல் பாயைச் சரிசெய்து, படகு தன் வேகத்தில் நிலைக்கும்வரை விடுங்கள். அந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாய் சரியாக இல்லாத படகுக்கு மோட்டாரைச் சேர்த்தால், பாயின் குறையை பேட்டரியில் ஈடுகட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பிறகு 100 முதல் 150 வாட். இரண்டு நிமிடம் காத்திருங்கள். 3 டன் படகு உடனே வேகமெடுக்காது, பொறுமையில்லாமல் த்ராட்டிலைத் தள்ளுவதுதான் வழக்கமாக நடப்பது. இதற்குள் காற்று முன்னோக்கி நகர்ந்திருக்கும். முன்பாயில் ஒட்டிய கம்பளி நூல்களில் காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றைக் கொஞ்சம் இழுங்கள், அல்லது முகப்பைக் காற்றிலிருந்து சில பாகை விலக்குங்கள். மெயினையும் அதற்கேற்ப.

அடுத்து 50 அல்லது 100 வாட் படிகளாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணைப் பாருங்கள்: வாட்டை வேகத்தால் வகுத்தால் வரும் வாட்-மணி ஒரு கடல் மைலுக்கு. 150 வாட்டில் 2.6 நாட் என்றால் மைலுக்கு 58. 400 வாட்டில் 3.2 நாட் என்றால் 125. அடுத்த படியில் 650 வாட் கொடுத்தும் 3.6 நாட்தான் என்றால் 180 ஆகிவிட்டது, அந்த 0.4 நாட் உங்களுக்கு அத்தனை அவசியமா என்று நீங்களே முடிவுசெய்யலாம். நம் அளவுப் படகில் 150க்கும் 450க்கும் இடையில்தான் பெரும்பாலும் நிற்கும்.

இதற்கு ஷண்ட் (ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் கட்டாயம். வோல்டேஜைப் பார்த்து மீதி சொல்ல லித்தியம் பேட்டரி விடாது. 90 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் ஒரு செல்லுக்கு உள்ள வோல்டேஜ் வித்தியாசம் மிகச் சிறியது.

எப்போது மோட்டாரைத் தொடலாம்?

வேகம் 1 நாட் அளவுக்கு இறங்கினால் சுக்கான் பேச்சுக் கேட்காது. அதற்கு முன்பே, 1.5 நாட்டில், ஆரம்பித்துவிடுவது நல்லது. நின்றுபோன படகை மீண்டும் ஓடவைக்க ஆகும் செலவு அதிகம். மற்றபடி இருட்டுவதற்குள் சேர வேண்டும், நீரோட்டம் திரும்பும் முன் ஒரு முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும் என்பது போன்ற காரணங்கள் உங்களுடையவை.

காற்று எப்போது எழும் என்று தெரிந்த இடத்தில் கணக்கு வேறு. சென்னைக் கரையில் காலைக் கரைக்காற்று அடங்கிய பிறகு, கடற்காற்று பிடிக்கும்வரை ஒரு மந்தம் உண்டு. மேற்குக் காற்று பலமாக இருக்கும் ஜூன், ஜூலையில் கடற்காற்று பிந்தியே வரும். அந்த இடைவெளியில் 4 நாட் போட்டு ஓடுவது வீண். 200 வாட்டில் மூன்று மணி நேரம் நகர்ந்தால் 600 வாட்-மணிதான் செலவு, 6 மைல் கடந்திருப்பீர்கள், மதியக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதே மூன்று மணி நேரம் 4 நாட்டில் ஓட 4,800 வாட்-மணி கேட்கும். பேட்டரியில் தயக்கமின்றிச் செலவழிக்க அவ்வளவு கிடையாது.

பின்காற்றில் மோட்டார் போட்டால் பாய் செத்துவிடுகிறது. தவறு எங்கே?

தவறு திசையில். நேர் பின்னாலிருந்து 5 நாட் காற்று, படகு 3 நாட் என்றால் பாய்க்கு மிச்சம் 2 நாட். மோட்டாரைக் கூட்டி 4 நாட் ஆக்கினால் 1 நாட். விசை நான்கில் ஒன்றாகிவிடும். நீங்கள் காற்றிடமிருந்து ஓடிப்போகிறீர்கள்.

முகப்பை 30 பாகை திருப்புங்கள், அதாவது காற்று 150 பாகையில் வரட்டும். அதே 3 நாட் வேகத்தில் தோற்றக்காற்று 2.8 நாட் ஆகி, 118 பாகையில் வரும். பாயின் விசை இரட்டிப்பு. தூரம் கூடுவது 15 சதவீதம் மட்டும். 135 பாகைக்குத் திருப்பினால் 3.6 நாட் கிடைக்கும், ஆனால் தூரம் 41 சதவீதம் கூடும்; மோட்டார் ஓடும்போது அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அதனால் 145 முதல் 155 பாகைக்குள் வளைந்து வளைந்து போவதே பொதுவாகச் சரி. பாயைப் பக்கம் மாற்றும்போது பூம் (மெயினின் அடி விளிம்பைத் தாங்கும் கம்பம்) குறுக்கே வரும் வேகம் குறைவுதான் என்றாலும் தலையைக் குனியுங்கள்.

4 நாட்டுக்கும் குறைந்த நேர் பின்காற்று என்றால் விட்டுவிடுங்கள். முன்பாயைச் சுருட்டி, மோட்டாரில் 2 நாட்.

எதிர்க்காற்றில்?

மோட்டார் உதவி மிகவும் பலன் தருவது இங்கேதான். வெறும் பாயில் இந்த மந்தக் காற்றில் 55 பாகைக்கு மேல் நெருங்க முடியாத படகு, 300 வாட் உதவியோடு 45 பாகையில் போகும். அதைவிட நெருங்கினால் முன்பாயைச் சுருட்டி, மெயினை மட்டும் நடுவில் இழுத்துக் கட்டி, தோற்றக்காற்று 20 பாகையாவது வரும்படி ஓட்டலாம். நேர் எதிரில் முட்டிக்கொண்டு போனால் மெயினும் வெறுமனே படபடக்கும். துணி தேய்வதுதான் மிச்சம்.

பாயை எப்படி வைப்பது?

வெறும் பாயில் மந்தக் காற்றுக்கு எல்லோரும் செய்வது: பாயை ஏற்றும் கயிறான ஹால்யார்டைத் தளர்த்தி, மெயினின் அடி விளிம்பைப் பின்னோக்கி இழுக்கும் கயிறான அவுட்ஹாலை விட்டு, பாயை வயிறு புடைக்க வைத்து, ஆட்களைக் காற்று போகும் பக்கம் உட்காரவைத்துப் படகை 5 முதல் 10 பாகை சாய்ப்பது. சாய்ந்தால் பாய் தன் எடையாலேயே வடிவம் பிடிக்கும். மோட்டார் சேர்ந்ததும் தோற்றக்காற்று கூடி முன்னோக்கி வருவதால் வயிற்றை ஓரளவு குறைக்க வேண்டும். அவுட்ஹாலை இரண்டு விரற்கடை இழுங்கள். ஷீட்டை இழுக்கும்போது பாயின் பின்விளிம்பு இறுகி மூடிக்கொள்ளாமல் பாருங்கள். மேல்பகுதி கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். மந்தக் காற்றில் இறுக்கிக் கட்டிய பாய்தான் நாங்கள் அதிகம் பார்க்கும் குறை.

காற்று நின்றாலும் அலை நிற்கவில்லை. பூம் அடிக்கிறது, பாய் கிழிந்துவிடும் போலிருக்கிறது.

பழைய காற்றின் அலை மிச்சமிருக்கும்போது 3, 4 நாட் காற்றால் பாயைப் பிடித்து நிறுத்த முடியாது. படகு ஒரு முறை உருண்டால் பாய்மர உச்சி காற்றைவிட வேகமாகப் பயணிக்கிறது. பாய்க்குத் தெரியும் காற்று அப்படியே திசை மாறிவிடும். முன்பாயைச் சுருட்டிவிடுங்கள். மெயினை நடுக்கோட்டில் இறுகக் கட்டி, பூமை முன்னால் ஒரு கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். அது இனி ஓட்டும் பாய் அல்ல, உருளலைக் குறைக்கும் தடுப்பு. மோட்டார் 300 முதல் 500 வாட். அலையை 30 முதல் 45 பாகையில் வாங்கிக்கொண்டால் பக்கவாட்டு உருளல் குறையும்.

அலையில் வாட் எண் மேலும் கீழும் ஆடும். த்ராட்டிலோடு துரத்த வேண்டாம், சராசரியைப் பாருங்கள்.

நன்றாகப் பாயில் போகும்போது ப்ரொப்பெல்லர் பிடித்து இழுக்கிறதா?

இழுக்கிறது, மந்தக் காற்றில் அது கண்ணுக்கே தெரியும். பூட்டி நிறுத்திய மூன்று இதழ் ப்ரொப்பெல்லர் நம் அளவுப் படகில் அரை நாட் வரை தின்னும். மடங்கும் இதழ் உள்ளது வாங்கினால் தொல்லை பெரும்பாலும் தீரும். வெளியே மாட்டும் மோட்டாரைத் தூக்கிவிடலாம்.

மின்மோட்டாருக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, டீசலுக்குக் கிடையாது. ப்ரொப்பெல்லர் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை என்ற வேகத்தில் அதைச் சுழலவிடுவது. நம் படகில் 30 முதல் 80 வாட் ஆகும். கண்டுபிடிக்க: பாயில் நிலையான வேகத்தில் போகும்போது த்ராட்டிலை மிக மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். சில பத்து வாட்டிலேயே வேகம் 0.3, 0.4 நாட் ஏறி, பிறகு ஏற்றம் மந்தமாகும் இடம் வரும். அதுதான் அது. மணிக்கு 50 வாட்-மணிக்கு இவ்வளவு வேகம் வேறெதிலும் கிடைக்காது.

ஓடும்போது ப்ரொப்பெல்லரே பேட்டரியை நிரப்பும் என்கிறார்களே?

நிரப்பும், நல்ல காற்றில், பெரிய படகில். கிடைக்கும் மின்சாரமும் வேகத்தின் மும்மடிதான். நம் படகில் 3 நாட்டில் அதை இயக்கினால் வேகம் போவதுதான் மிச்சம். 5 நாட்டைத் தாண்டினால்தான் யோசிக்கலாம், அப்போதும் சில பத்து வாட்.

டீசல் இருக்கிறது. அதையே மெதுவாக ஓட்டினால் என்ன?

டீசல் சும்மா நின்று ஓடும் சுற்றிலேயே, கியர் போட்டால், இந்தப் படகை 2 நாட்டுக்கு மேல் தள்ளும். அதற்குக் கீழே அதனால் இறங்க முடியாது. மணிக்கணக்கில் சுமையில்லாமல் ஓடினால் எஞ்சின் போதிய சூடு ஏறாமல் கரி படிந்து, சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி எண்ணெய் குடிக்கத் தொடங்கும். சத்தம் வேறு. ஆனால் இரவெல்லாம் 5 நாட் வேண்டுமென்றால் டீசலுக்கு ஈடு இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை.

எந்த மோட்டார் வாங்குவது?

துறைமுகத்தில் எதிர்க்காற்றில் திருப்பவும் வேண்டும் என்றால் டன்னுக்கு 1 முதல் 1.5 கிலோவாட். நமக்கு 3 முதல் 4.5. வெறும் உதவிக்கு மட்டும், டீசல் அப்படியே இருக்க, பின்பலகையில் மாட்டும் 1 கிலோவாட் மோட்டார் போதும். பேட்டரி தலையிலேயே அமர்ந்த வகை இந்த அளவில் பல நிறுவனங்களிடம் இருக்கிறது. டோர்கீடோ டிராவல், ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட் இரண்டும் பரவலாகத் தெரிந்தவை. நீண்ட தண்டு, அதாவது சுமார் 51 சென்டிமீட்டர் வகை வாங்குங்கள். 38 சென்டிமீட்டர் குட்டைத் தண்டு டிங்கி எனும் சிறு படகுக்கானது. பாய்ப் படகின் பின்புறம் அலையில் எழும்போது ப்ரொப்பெல்லர் காற்றை விழுங்கி வெறுமனே சுற்றும். இதழின் மேல்நுனி தண்ணீர் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும்.

ஏரியில் மீன்பிடிப்பவர்கள் வைக்கும் 12 வோல்ட் டிரோலிங் மோட்டார் ஒரு டன்னுக்குள் உள்ள படகுக்குச் சரி. 55 பவுண்டு என்று எழுதியிருப்பது 25 கிலோ தள்ளுவிசை. முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். நன்னீருக்கென்று செய்ததைக் கடலில் இறக்காதீர்கள், ஒரே பருவத்தில் அரித்துவிடும்.

பழைய லெட் ஆசிட் பேட்டரியே போதாதா?

நான்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 4.8 கிலோவாட்-மணி, எடை சுமார் 120 கிலோ. பாதிதான் எடுக்கலாம், அதுவும் வேகமாக இழுத்தால் கொள்ளளவே சுருங்கும். இதே அளவு லித்தியம் 45 முதல் 50 கிலோ. மந்தக் காற்றில் 70 கிலோ எடை குறைவதே ஒரு வேகம். ஆனால் 150, 200 வாட்டில் மெதுவாக இழுப்பவருக்கு லெட் ஆசிட் அப்படி மோசமில்லை. கையில் இருப்பதை வைத்து ஒரு பருவம் பழகிப் பாருங்கள்.

லித்தியத்தை எப்போதும் முட்ட முட்ட நிரப்பி வைக்க வேண்டாம். 16 செல் பேட்டரிக்கு 55.2 வோல்ட், செல்லுக்கு 3.45, போதும். 0 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. நம் ஊர்களில் எதிர்ப்பிரச்சினை: வெயிலில் மூடிய பெட்டிக்குள் 45 பாகையைத் தாண்டும். காற்றோட்டம் கொடுங்கள்.

வயரிங்கில் எதைக் கவனிப்பது?

4 கிலோவாட்டில் ஏறத்தாழ 83 ஆம்பியர் ஓடும். பேட்டரிக்கும் மோட்டாரின் கண்ட்ரோலருக்கும் 3 மீட்டர் என்றால் போகவர 6 மீட்டர். 35 சதுர மி.மீ. செம்பு வயரில் கால் வோல்ட் இழப்பு. 16 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்கு மேல், 45 வாட் சூடாகப் போகும். தகரம் பூசிய வயரே போடுங்கள். சாதாரணச் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும்.

ஃபியூஸ் 125 ஆம்பியர், பேட்டரி நேர்முனைக்கு எத்தனை பக்கத்தில் முடியுமோ அத்தனை பக்கத்தில், கிளாஸ் டி (Class T) வகை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை அறுக்கும் திறன் அந்த வகைக்கு உண்டு. கார் ஆடியோ கடையில் கிடைக்கும் ஏ.என்.எல். ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட் வரைக்குத்தான். 48 வோல்ட்டில் கம்பி உருகினாலும் தீப்பொறி வில் அணையாமல் தொடரலாம்.

கண்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது மெயின் சுவிட்சைப் போட்டால் பெரிய பொறி பறக்கும், சுவிட்சின் முனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். முதலில் சில விநாடி ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் வழியாக நிரப்பிவிட்டுப் பிறகு சுவிட்ச்.

விளக்கு, ரேடியோவுக்கான 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கட்டும். 48லிருந்து 12க்கு இறக்கும் கன்வெர்ட்டர் அதை நிரப்பலாம். ஆனால் பெரிய பேட்டரி அணைந்தால் வி.எச்.எஃப். ரேடியோவும் கூடவே அணையக் கூடாது.

மோட்டார் திடீரென்று நின்றுவிட்டது. திரையே இருண்டுவிட்டது.

பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று துண்டித்திருக்கும். மூன்று காரணங்கள். ஒன்று, மீதி நிஜமாகவே தீர்ந்தது, அல்லது ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட முந்திக் காலியானது. ஒரு செல்தான் காரணமென்றால் கரைக்கு வந்து முழுச் சார்ஜில் சில மணி நேரம் விட்டு செல்களைச் சமப்படுத்துங்கள். இரண்டு, ஆம்பியர் வரம்பு: 4 கிலோவாட் மோட்டாருக்கு 80 ஆம்பியர் பேட்டரி வாங்கியிருப்பார்கள். மெதுவாகப் போகும்வரை தெரியாது. படகுத்துறையில் முழு ரிவர்ஸ் கொடுக்கும்போது, அதாவது மிக மோசமான நேரத்தில், நின்றுவிடும். தொடர் ஓட்டத்துக்கே 100 ஆம்பியராவது வேண்டும், 150 நல்லது. மூன்று, முழுதும் நிரம்பிய பேட்டரியோடு நல்ல காற்றில் போகும்போது ப்ரொப்பெல்லர் மின்சாரம் திருப்பி அனுப்பியது. ஏற்க இடமில்லாமல் பேட்டரி விலகிக்கொண்டது. இந்த மூன்றாவது வகை கண்ட்ரோலரையே எரிக்கக்கூடும், ஏனென்றால் போக இடமில்லாத வோல்டேஜ் எகிறும். 90 சதவீதத்துக்கு மேல் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

அதே வாட், ஆனால் வேகம் போன மாதத்தைவிடக் குறைவு.

ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். வெப்பமான கடலில் சில வாரங்களிலேயே கொட்டலசு பிடிக்கும். இதழில் சிறு சொரசொரப்பே போதும். அமைதியான நாளில் 500 வாட்டில் என்ன வேகம் என்று சுத்தமான படகில் ஒரு முறை எழுதி வைத்தால் பிறகு ஒப்பிட எளிது. வேகம் மெல்ல மெல்லக் குறைந்தால் பாசி, கொட்டலசு. திடீரென்று வாட் மூன்றில் ஒரு பங்கு கூடினால் பிளாஸ்டிக் பையோ அறுந்த வலையோ சுற்றியிருக்கிறது.

கையை ப்ரொப்பெல்லர் பக்கம் கொண்டுபோகும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டாரை இயங்கவிடும் காந்தச் சாவியைக் கழற்றி இறங்குபவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மின்மோட்டாருக்கு ஸ்டார்ட் செய்யும் சத்தம் கிடையாது. த்ராட்டிலில் யாராவது தெரியாமல் இடித்தாலே சுழலும்.

கூடவே அனோடையும், அதாவது மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டையும், பாருங்கள்: கடலுக்குத் துத்தநாகம், கழிமுகத்துக்கு அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம். மோட்டார் உடல் அலுமினியம் என்றால் செம்பு கலந்த அடிப்பூச்சை அதன் மேல் பூசாதீர்கள்.

பாய் விரித்திருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது. சட்டப்படி இது என்ன படகு?

இயந்திரப் படகு. 1972 பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 3வது விதி, இயந்திரம் பயன்பாட்டில் இல்லாதபோதுதான் பாய்ப் படகு என்கிறது. 50 வாட்டா 5 கிலோவாட்டா, மின்சாரமா டீசலா என்ற பேதம் அதில் இல்லை. ஆகவே பாய்ப் படகுக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். பகலில் 25வது விதிப்படி நுனி கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பை முன்புறம் தெரியும்படி கட்ட வேண்டும். இரவில் பக்க விளக்குகளோடு பாய்மரத்தின் வெள்ளை முன்விளக்கும் பின்விளக்கும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு இவ்விரண்டு வெள்ளைக்கும் பதிலாகச் சுற்றிலும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கை வைக்கலாம். பாயில் மட்டும் போகும்போதுக்கான மூவண்ண விளக்கைப் பாய்மர உச்சியில் எரியவிட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டுவது தவறு. சத்தமே வராததால் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிரில் வருபவருக்கும் உங்களைப் பார்த்து மோட்டார் ஓடுகிறதென்று தெரியாது, கூம்பு அதற்குத்தான். அமெரிக்க உள்நாட்டு நீர்நிலைகளில் மட்டும் 12 மீட்டருக்குள் கூம்பு கட்டாயமில்லை.

பந்தயத்தில்?

கூடாது. பந்தய விதி 42: காற்றும் நீரும் மட்டுமே. போட்டி அறிவிப்பில் தனியாக அனுமதி இருந்தால் அதில் சொன்ன அளவுக்கு.

சோலார் எவ்வளவு கொடுக்கும்?

200 வாட் பலகையிலிருந்து பாய் நிழலோடு நாளைக்கு 600 முதல் 800 வாட்-மணி எதிர்பார்க்கலாம். 600 என்றால் 2 நாட்டில் 6 மைல். காற்றில்லாத நாள் பெரும்பாலும் வெயில் நாளாக இருப்பது ஒரு நல்ல பொருத்தம். நிழல் விழும் பக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே பெரிய பலகையைவிட இரண்டு சிறியவை, தனித்தனி எம்.பி.பி.டி. கண்ட்ரோலரோடு (பலகையிலிருந்து கூடியவரை அதிக மின்சாரத்தை எடுக்கும் கருவி), நல்லது. கரையில் 800 வாட் சார்ஜர் காலியான 4 கிலோவாட்-மணியை ஐந்தாறு மணி நேரத்தில் நிரப்பும்.

எவ்வளவு மீதி வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும்?

30 சதவீதம். இது வேகக் கணக்கில் வருவதல்ல, துறைமுக வாயிலுக்கானது. 15, 20 நாட் எதிர்க்காற்றில் இந்தப் படகை 3 நாட் நகர்த்தவே 2 கிலோவாட்டுக்கு மேல் ஆகலாம்; 30 சதவீதம் என்பது ஒன்றரை கிலோவாட்-மணி, முக்கால் மணி நேரம் கூட வராது. அதனால் காற்று எழுந்தால் முதலில் மோட்டாரை அணைத்துப் பாயில் போங்கள், வாயில் நெருங்கும்வரை மோட்டாரைத் தொடாதீர்கள். காற்று படகைத் தள்ளும் பக்கத்தில் கரை இருக்கிறது, நீரோட்டமும் அங்கேயே இழுக்கிறது, பேட்டரியும் குறைவு என்றால் நங்கூரத்தை முன்கூட்டியே கட்டவிழ்த்துத் தயாராக வையுங்கள். ஆழம் 10 மீட்டர் என்றால் சங்கிலியும் கயிறுமாக 50 மீட்டராவது தடையின்றி ஓட வேண்டும்.